பதிவு செய்யப்பட்ட எண்

கார்டில் இருப்பது என் பெயர்தான்,
மரிய பிரிஸ்கா, புடைத்த எழுத்தில்.
எண் மட்டும் அவருடையது.
கணக்குத் திறந்த அன்று என்னிடம் போன் இல்லை.
"வீட்டுக்காரர் நம்பர் போடவா?"
என்றாள் கவுன்டரில் இருந்தவள்.
போடு என்றேன்.
எட்டு வருஷம் ஆயிற்று.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு தராசு.
கம்பெனி ஆள் கொண்டுவரும் தராசில் ஏறியதும்
நீலக்கால் நண்டு இளைத்துவிடுகிறது.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்,
தங்கச்சிமடம் வரை டெலிவரி இலவசம்.
பதினாறு இலக்கம் அடித்தேன்,
பின்பக்கத்து மூன்று இலக்கம் அடித்தேன்.
பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு
ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது திரை.

பதிவு செய்யப்பட்ட எண்
அப்போது வடகடலில் இருந்தது,
இரண்டு பாலிதீன் பைக்குள், தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில்,
அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
வேறு நாட்டுக்கு நல்வரவு என்று வாசித்தபடி.
இங்கே நொடிகள் இறங்கின.
பிடிவாதமாக மூன்று தடவை இறங்கவிட்டேன்.

விடிகாலை நாலரைக்கு வள்ளம் வந்தது.
வலையை இறக்குமுன் ஒவ்வொன்றாகச் சொன்னார்,
ஏழு, பூஜ்யம், நாலு...
செத்து எட்டு மணி நேரம் ஆன எண்.
ஐஸில் வைத்தாலும் தேறாது.

மத்தியானம் அவர் தூங்க,
அவர் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அது அடித்தது.
"நேற்றிரவு உங்கள் கார்டில் மூன்று முயற்சி.
நீங்கள்தானா? பிறந்த தேதியைச் சொல்லுங்கள்."

நண்டை வயிற்றில் அமுக்கினால் தெரிந்துவிடும்
சதையா, வெறும் ஓடா என்று.
குரலை எங்கே அமுக்குவது?
எதிர்வீட்டு ஜெபமாலை இப்படித்தான்
ஒரு மரியாதையான குரலுக்குப் பிறந்த தேதி சொன்னாள்,
பிறகு ஆறு இலக்கம் சொன்னாள்.
தடைக்கால நிவாரணம் முழுதும்
அவள் ஹலோ, ஹலோ என்கையிலேயே போய்விட்டது.
நான் கட் செய்தேன்.
மறுபடி வந்தது. மறுபடி.
மூன்றாம் முறை மறுதலித்தபோது
சேவல் எதுவும் கூவவில்லை.
கார்டு முடங்கியது, அவ்வளவுதான்.

"அது நாங்கள்தானம்மா" என்றார் கிளையில் புது அதிகாரி.
"நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?"
பேனாவை மூடினார். திறந்தார்.
"கட் செய்தது சரிதான்.
செய்துவிட்டு, கார்டுக்குப் பின்னாலிருக்கும் நம்பருக்கு
நீங்களே கூப்பிட வேண்டும்.
ஓடிபியை நாங்கள் கேட்கவே மாட்டோம்."
கார்டைத் திருப்பிக் காட்டினேன்.
உப்பும் செதிலும் தின்றது போக
ஒரு எட்டும் ஒரு கோடும் மிச்சம்.
சிரிக்காமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்.
இப்போது அது ஐஸ்பெட்டி மூடியின் உள்பக்கம், மார்க்கரில்.

எண்ணை மாற்றப் படிவம் கேட்டேன்.
மாற்றலாம்,
ஆனால் பழைய எண்ணுக்கு ஓடிபி போகும்.

காற்று எழும்பிக் கடலுக்குப் போகாத ஒரு வியாழக்கிழமை
அவரைக் கூட்டிப்போனேன்.
போன் சிணுங்கியது.
ஏலத்தில் கூடை எண்ணும் குரலில்
"மூணு, ஒம்போது" என்று ஆரம்பித்தார்.
வாயைப் பொத்தினேன்.
வரிசையில் நின்றவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள்.

பணம் கட்டிய இரவு
முதல் செய்தி என் போனுக்கு வந்தது.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பற்று.
இது நீங்கள் இல்லையென்றால் உடனே அழையுங்கள்.
நான்தான் என்றேன்,
அடுப்பங்கரையில், யாரும் கேட்காமல்.

தராசு வந்து பெட்டியைப் பிரிக்கையில் அவர் சொன்னார்:
"டவர் சிக்குற நேரம் கடல்ல டிங்குன்னு வரும்.
நூத்திப்பத்து, மெடிக்கல். சரி, சின்னவனுக்குக் காய்ச்சல்.
அறுநூத்தி இருவது. அரிசி எடுத்துட்டா.
இப்ப ஒண்ணும் வர்றதில்ல."

நான் பேட்டரியைப் போட்டேன்.
அவர் தன் போனைத் தட்டில் வைத்தார்.
நூற்றெண்பத்தாறு கிராம்.
"அவ்வளவுதானா" என்றார்.
எடுத்துவிட்டு
மறுபடி வைத்துப் பார்த்தார்.